கொசுவுக்கு ஒரு வேண்டுதல்

பாஞ்சாலை தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையின் ஆயா. காலையில் வேலைக்காரர்களைப் பெரட்டுக்கு நிறுத்திப் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், தேயிலை எடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளையும் பள்ளிக்கூட வயது வராத வாண்டுகளையும் அவளிடம் தள்ளிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறிவிடுவார்கள். கஞ்சி ஊட்டுவது, மூக்குச் சிந்திவிடுவது, ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் பாடு. அவளைப் பற்றித் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நல்ல பேர் எடுத்தவர்கள் அதைக் கட்டிக் காப்பதற்காகச் செய்கிற காரியங்களைப் பார்த்தால், கெட்ட பேர்க்காரர்கள் எவ்வளவோ தேவலை என்று தோன்றுகிறது.

எழுபத்து நாலாம் வருஷம், பொங்கல் கழிந்த கையோடு அவள் தம்பி மாடசாமி வந்து சேர்ந்தான். கீழே துறைமுகப் பட்டணமான கிள்ளானில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை அவனுக்கு. மலைமேல் கம்போங் ராஜாவிலிருந்து கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு இறங்குகிற லோரிகள் திரும்பும்போது காலியாக வரும். அதில் ஒன்றில், சாக்கைப் போர்த்திக்கொண்டு சுருண்டு படுத்தே மலையேறியிருந்தான். தொட்டுப் பார்த்தால் அடுப்புக்கல் மாதிரி சுட்டது.

"கண்ணுக்குப் பின்னால யாரோ கட்டைவிரலை வச்சு அமுக்குற மாதிரி இருக்குக்கா. எலும்பெல்லாம் முறியுது. கொங்சி வீட்டுல எல்லாரும் வேலைக்குப் போயிடுறானுங்க, ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்ல. ரொம்பக் கஷ்டம், சூசாவா இருந்துச்சு. குளுருக்கு வந்தா எறங்கிடும்னு வந்துட்டேன்லா."

அவனைக் குறை சொல்லி என்ன செய்வது? காய்ச்சல் கண்ட வெள்ளைக்காரத் துரைகளே ஒரு காலத்தில் உடம்பு தேற இந்த மலைக்குத்தான் வந்தார்கள். துரைக்குத் தேறுகிற உடம்பு மாடசாமிக்குத் தேறாதா என்று பாஞ்சாலையும் நினைத்தாள். அம்மா செத்த பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவளுக்குப் பிள்ளையில்லை, புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான். இந்தத் தம்பிதான் அவளுக்கு மிச்சம்.

சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. வெளியாள் யாராவது லயத்தில் தங்கினால் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் சொல்லி உத்தரவு வாங்க வேண்டும். மாடசாமியோ அதே கிராணியின் சட்டையைப் பிடித்த குற்றத்துக்காகத் தோட்டத்தை விட்டு விரட்டப்பட்டவன். அவனைச் சேர்த்தது தெரிந்தால் ஆயா வேலை போகும், வேலையோடு வீடும் போகும். ராத்திரியில் கதவைச் சாத்திக்கொள்ளலாம். பகலில் முடியாது. வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் படுத்திருப்பது யார் என்று பார்க்கக் கங்காணி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டு வருவார்.

கங்காணி எட்டிப் பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பிள்ளைக் கொட்டகை. பிள்ளைகளின் அழுகைக்குப் பயந்து அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. கொட்டகைக்குப் பின்னால், மூங்கில் புதரை ஒட்டினாற்போல் விறகுக் கொட்டாய் இருந்தது. இருட்டோடு இருட்டாகத் தம்பியை அங்கே கூட்டிப்போய், வெயில் வந்ததும் வெளியே சாக்கை விரித்து உட்கார வைப்பாள். காய்ச்சல்காரனுக்கு வெயில் காய்வது நல்லது என்பது குளிர் மலைக்காரர்களின் வைத்தியம். காய்ச்சல் விடுகிற வரைக்கும் அவன் பகல் முழுக்க அங்கேதான் கிடந்தான்.

ராத்திரியில் வலை கட்டித்தான் படுக்க வைத்தாள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. மலேரியாக் கொசு ராத்திரிக் கொசு என்பது லயத்தில் எல்லாருக்கும் பாடம். பகலில் மூங்கில் புதரிலிருந்து கிளம்பி வருகிற அந்தச் சின்னக் கறுப்புக் கொசு, காலில் வெள்ளை வளையம் போட்டது, அதை யார் மதித்தார்கள்? தேயிலைக்குள் இறங்கி நிற்பவளுக்கு அது கடிப்பதும் அட்டை கடிப்பதும் ஒன்றுதான். சொறிந்துவிட்டு அடுத்த கொழுந்தைக் கிள்ள வேண்டியதுதான்.

கொட்டகைப் பிள்ளைகளில் சீதா என்று ஒரு நாலு வயதுச் சிட்டு. அம்மாக்கண்ணுக்கும் கந்தனுக்கும் கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து பிறந்த ஒரே பெண். அது கஞ்சி குடித்த டின் குவளையில் தண்ணீரை மொண்டுகொண்டு பின்பக்கம் ஓடும். "மாமா, தண்ணி குடி. குடிச்சாதான் நல்ல பிள்ளை," என்று ஆயாவின் குரலிலேயே மாடசாமியை அதட்டும். அவன் பக்கத்தில் குந்திக்கொண்டு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும். பாஞ்சாலை அதைப் பார்த்துச் சிரித்தாள். தடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மாடசாமி தேறினான். வந்த மாதிரியே ஒரு லோரியில் ஏறிக் கீழே போனான். வாண்டுகள் வீட்டில் போய் 'மாமா, மாமா' என்று ஏதோ உளறின. வாண்டுகள் சொல்வதை யார் காதில் போட்டுக்கொள்வது? ஒரு ஈ காக்கைக்கும் தெரியாமல் காரியம் முடிந்தது என்று பாஞ்சாலை மூச்சு விட்டாள்.

அதன் பிறகு தைப்பூசம் வந்தது. சீதாவுக்குக் கீழே ஈப்போக் கோயிலில் முடி இறக்குவதாக அம்மாக்கண்ணு வேண்டிக்கொண்டிருந்தாள். "அந்தக் கூட்டத்துல பிள்ளைய இழுத்துக்கிட்டுப் போகாத. அடுத்த வருசம் பாத்துக்கலாம்," என்றான் கந்தன். சாமிக்குச் சொன்ன வாக்கைத் தள்ளிப்போடக் கூடாது என்று அவள் சண்டை போட்டு, தாய்வீட்டாரோடு கிளம்பிப் போனாள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு சீதா திரும்பி வந்தபோது லயமே கூடி நின்று அந்தத் தலையைத் தடவிப் பார்த்தது.

அடுத்த வாரமே பிள்ளைக்குக் காய்ச்சல். அம்மாக்கண்ணு வேலையை விட முடியாமல் முதல் நாள் கொட்டகையில்தான் கொண்டுவந்து விட்டாள். பாஞ்சாலை மடியில் போட்டுக்கொண்டாள். பிள்ளை இரண்டு உள்ளங்கையாலும் கண்ணை அழுத்திக்கொண்டு, "உள்ளார வலிக்குது ஆயா," என்றது. பாஞ்சாலை அந்தக் கையை விலக்கிப் பார்த்தாள். இதே பேச்சை வேறொரு வாயிலிருந்து கேட்டிருக்கிறாள். ஆனால் அவன் போய் எத்தனையோ நாளாகிவிட்டதே, ஒட்டுவதானால் அப்போதே ஒட்டியிருக்காதா என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

காய்ச்சல் சட்டென்று இறங்கியது. பிள்ளை பிழைத்தது என்று அம்மாக்கண்ணு மாரியம்மன் கோயிலுக்கு ஓடிப்போய்ச் சூடம் கொளுத்தினாள். திரும்பி வந்தால் பிள்ளையின் கைகால் ஜில்லிட்டுக் கிடந்தது. மூக்கில் ரத்தம். உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. தோட்டத்துத் துரையின் மோட்டாரில் தூக்கிப் போட்டுக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இது கீழே பட்டணங்களில் பிள்ளைகளை வாரிக்கொண்டு போகிற ரத்தக் காய்ச்சல், டெங்கி, கொசுவால் வருவது என்று அங்கே சொன்னார்கள். சொன்ன டாக்டர் அன்றைக்கெல்லாம் பிள்ளையின் பக்கத்திலேயே நின்றார். ஆனாலும் பிள்ளையைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள்.

கந்தன் அழவில்லை. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து, வாசலில் நின்ற பெண்டாட்டியைப் பார்த்து எல்லார் முன்னிலையிலும் ஒரே ஒரு பேச்சுப் பேசினான். "வேணாம்னேன். மொட்டையடிச்சு ஈப்போக் கொசுவுக்குக் குடுத்துட்டு வந்துட்டா." அதோடு அவளிடம் பேசுவதை நிறுத்தினான். ஒரே வீடு, ஒரே பானைச் சோறு, இவள் தட்டை வைப்பாள், அவன் தின்றுவிட்டு எழுந்து போவான். லயத்துப் பெண்களும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், சண்டை போட்டுக்கொண்டு போனாளே என்று தங்களுக்குள் முனகினார்கள். அம்மாக்கண்ணு யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. நான்தான், நான்தான் என்று அவளே தலையிலடித்துக்கொண்டாள். அப்போது அவளைக் கட்டிப்பிடித்துத் தலையைத் தடவிக்கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பாஞ்சாலைதான்.

கொசுக்காரர்கள் கோலாலம்பூரிலிருந்து அதன் பிறகுதான் வந்தார்கள். அவர்களில் தமிழ் பேசுகிறவர் நாகரத்தினம் என்ற ஆபீசர், கண்ணாடி போட்ட ஒல்லி ஆள். நோயைப் பரப்பும் பட்டணத்துக் கொசு இந்தக் குளிரில் இருக்கிறதா என்று லயம் லயமாகத் தண்ணீர்த் தொட்டி, டின், பூச்சாடி எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒன்றுகூட அகப்படவில்லை. காலில் வளையம் போட்ட மூங்கில் கொசுதான் எங்கே பார்த்தாலும் இருந்தது. வெட்டிய மூங்கில் கட்டைகளில் தேங்கிய மழைத்தண்ணீரிலிருந்து அதன் புழுக்களை உறிஞ்சிப் புட்டியில் போட்டுக்கொண்டார்கள். நாகரத்தினம் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, கொட்டகைக்குப் பின்னால் அதே இடத்தில் உட்கார்ந்து, வந்து உட்காரும் கொசுவைக் கண்ணாடிக் குழாயில் பிடித்தார். கொசுவுக்குக் காலை நீட்டுகிற துரையைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

"இதைக் கொண்டுபோய் என்ன சார் செய்வீங்க?" என்று கேட்டாள் பாஞ்சாலை. தேத்தண்ணியை நீட்டினாள்.

"வளர்ப்போம்மா. காய்ச்சல் கிருமி கலந்த ரத்தத்தை இதுக்குக் குடிக்கக் குடுப்போம். அப்புறம் வச்சிருந்து, கிருமி இது உடம்புல வளருதா, எச்சில்வரைக்கும் வருதான்னு பாப்போம். கிருமி வெளியிலேருந்து வந்தது. கொசு இந்த ஊருது. ரெண்டுக்கும் ஒத்துப்போகுமா போகாதான்னு நமக்குத் தெரியாது. எல்லாக் கொசுவுக்கும் எல்லாக் கிருமியும் ஒத்துக்காது."

"ஒத்துக்கலன்னா?"

"அப்ப இந்தக் கொசு மேல தப்பில்ல. புள்ளைக்கு ஈப்போவுலதான் ஒட்டியிருக்கணும்."

மறுநாள் பெரட்டில் கிராணி எல்லாரையும் நிறுத்தி வைத்துக் கேட்டார்: கீழேயிருந்து காய்ச்சலோடு யாராவது மேலே வந்தார்களா? நாகரத்தினம் பக்கத்தில் நின்று முகம் முகமாகப் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பாஞ்சாலைக்கு இருந்தது. அவள் இடுப்பிலிருந்த குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். முன்வரிசையில் அம்மாக்கண்ணு நின்றாள். அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

அன்று சாயங்காலம் பாஞ்சாலை மாரியம்மனுக்கு ஒரு வேண்டுதல் வைத்தாள். உலகத்தில் வேறு யாரும் வைத்திருக்க மாட்டார்கள். "தாயி, அந்த மூங்கில் கொசு ஒரு பாவமும் அறியாத கொசுவா இருக்கணும். இருந்துட்டா உனக்குப் பொங்கல் வைக்கிறேன்." கொசுவுக்காக உருகி உருகிக் கும்பிட்டாள். கும்பிட்டு நிமிர்ந்தபோதுதான் தான் கேட்டது என்னவென்று அவளுக்கே உறைத்தது. கொசு நல்லதானால் அம்மாக்கண்ணுதான் பிள்ளையைக் கொன்றவள். அதைத்தான் சாமியிடம் வரமாகக் கேட்டிருக்கிறாள். பாஞ்சாலைக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தும் வேண்டுதலைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அவள் அம்மாக்கண்ணுக்குச் செய்யாத உபகாரம் இல்லை. விறகு பொறுக்கிக் கொடுத்தாள். குழம்பு கொண்டுபோய் வைத்தாள். துணிகூடத் துவைத்துப் போட்டாள். "அக்கா மாதிரி யாருக்கு வரும்?" என்று அம்மாக்கண்ணு கண் கலங்குவாள். அதைக் கேட்கும்போதெல்லாம் பாஞ்சாலைக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருக்கும். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் குழம்பு கொண்டுபோவாள்.

வைகாசியில் நாகரத்தினம் மறுபடியும் புழு எடுக்க வந்தார். பாஞ்சாலை கேட்கக் கூடாது என்று இருந்தாள். பிறகு கேட்டுவிட்டாள்.

"என்ன சார், நம்ம கொசு?"

"கடத்துதும்மா," என்றார் அவர், ஏதோ பஸ் நேரம் சொல்கிற மாதிரி. "பட்டணத்துக் கொசு அளவுக்கு இல்ல. நெறைய கொசுவுல கிருமி வளராமலே போயிடுது. ஆனா சிலதுல வளருது. ஒண்ணு ரெண்டு இருந்தாலே போதும்ல? இன்னொண்ணு, குளுருக்கு மெதுவாத்தான் வளரும். கீழ ஒரு வாரம் பத்து நாள்ல ஆகுறது இங்க ரெண்டு வாரம், மூணு வாரம்கூட ஆவும். அதுக்கப்புறம் அது கடிச்சா காய்ச்சல் வரும்."

பாஞ்சாலை மனசுக்குள் பொங்கலிலிருந்து சீதா படுத்த நாள் வரைக்கும் எண்ணிப் பார்த்தாள். சரியாக வந்தது. எத்தனையோ நாளாகிவிட்டதே என்று அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே சமாதானமும் போயிற்று.

"அப்ப... சீதாவுக்கு இந்தக் கொசுதானா?"

"அது எப்படிம்மா? கொசு தானா கிருமிய உண்டாக்காது. கிருமியோட ஒரு ஆள் மேல வந்திருந்தாத்தான் அவனைக் கடிச்சு இன்னொருத்தருக்குக் குடுக்கும். அப்படி யாராவது வந்ததா அன்னிக்கு ஒருத்தரும் சொல்லலையே. அதனால ஈப்போதான்னு எழுதியாச்சு. அந்தப் புள்ளையோட அப்பாகிட்டயும் காலையில சொன்னேன்."

அவர் குழாயை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாஞ்சாலை கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாமியும் கைவிரித்துவிட்டது, கொசுவும் கைவிரித்துவிட்டது. அன்றைக்குப் பெரட்டில் தான் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் இப்போது அம்மாக்கண்ணு மேல் தீர்ப்பாக விழுந்திருக்கிறது. இந்த நினைப்பு வந்ததும் வேலையும் வீடும் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயத்தோடுதான் போனாள்.

வேலை விட்டு வந்து அம்மாக்கண்ணு குழாயடியில் வாளியை வைத்துக்கொண்டு நின்றாள். சுற்றிலும் ஆள் இல்லை. பாஞ்சாலை முன்னுரை எதுவும் வைக்கவில்லை. தம்பி வந்தது, மறைத்தது, மூங்கிலடியில் உட்கார வைத்தது, சீதா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது, ஆபீசர் இன்றைக்குச் சொன்னது எல்லாவற்றையும் கொட்டினாள். வாளி நிரம்பி வழிந்தது. ஒருவரும் குழாயை மூடவில்லை.

"அப்ப நான் இல்லையாக்கா?" என்றாள் அம்மாக்கண்ணு.

குரலில் அப்படி ஓர் ஆசை. ஆமாம், நீ இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். அவ்வளவு நாள் பொய்யாக நின்றவளுக்கு இன்னொரு பொய் பாரமா? ஆனால் பாஞ்சாலைக்கு வாய் வரவில்லை.

"அது தெரியாது புள்ள. இங்கயும் ஒட்டியிருக்கலாம். ஈப்போவுலயும் ஒட்டியிருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

"தெரியாதா?"

"தெரியாது."

அம்மாக்கண்ணு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று பாஞ்சாலை எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள்.

"தெரியாதுங்கிறதையாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா," என்றாள் அம்மாக்கண்ணு. "நான்தான்னு நிச்சயமா நெனைச்சுக்கிட்டு இருந்தேனே. தெனம் காலையில எந்திரிச்ச உடனே அதுதானே மொத நெனப்பு. நீ பக்கத்துல உக்காந்து குழம்பு ஊத்துன."

பிறகு பாஞ்சாலையின் மணிக்கட்டைப் பிடித்தாள். கொழுந்து கிள்ளிக் காய்த்துப்போன விரல்கள் எலும்பில் அழுந்தின. லயத்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கந்தன் குந்தியிருந்து தேயிலைச் செடியை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"இங்க சொல்லு," என்றாள். "என்கிட்ட சொன்னதை அப்படியே இவரு கிட்ட சொல்லு. சத்தமா சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்."

பாஞ்சாலை சொன்னாள். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மாடசாமியின் பேரைச் சொன்னாள். கிராணியிடம் யாராவது இப்போதே ஓடிப்போய்ச் சொல்லப்போகிறார்கள் என்று தெரிந்தும் சொன்னாள். எதுவென்று தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை என்பதையும் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தை அம்மாக்கண்ணு இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னாள்.

கத்தி தீட்டுகிற சத்தம் எப்போதோ நின்றிருந்தது. கந்தன் பாஞ்சாலையைப் பார்க்கவே இல்லை. எழுந்து நின்று பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் எவ்வளவு மெலிந்துவிட்டாள் என்பது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டதோ என்னவோ, கத்தியைக் கீழே போட்டான்.

"பசியாறினியா?" என்று கேட்டான்.

அம்மாக்கண்ணு பாஞ்சாலையின் கையை விட்டுவிட்டு, கீழே சரிந்து உட்கார்ந்து, பிள்ளை செத்த அன்றைக்குக்கூட அழாத மாதிரி அழுதாள். பாஞ்சாலையின் கை பழக்கத்தில் அவள் தலையைத் தடவப் போயிற்று. பாதி வழியில் அவளே அதை இழுத்துக்கொண்டாள்.